குண்டும் காற்றும்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஒன்று யானைக்கவுனிப் பகுதியில் நான்கு தலைமுறையாக வாழ்ந்துவருவது. சென்ற மார்கழிக் கடைசியில் பொங்கலை முன்னிட்டு அவ்வீட்டார் வெள்ளையடித்தபொழுது, பரண்மேற் கிடந்த தகரப்பெட்டி ஒன்று கீழே இறங்கியது. பழைய கணக்கேடுகளுக்கு அடியில், நைந்த பட்டுத்துணியிற் சுற்றப்பட்டு, ஒன்றரைச் சாண் நீளமுள்ள பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. இரு முனையிலும் கண்ணாடி. நடுவில் மேற்புறம் ஒரு குமிழும் பக்கவாட்டில் ஒரு குமிழும் காணப்பட்டன. அவ்வீட்டுப் பிள்ளை நம்மிடம் பாடங்கேட்பவன். அவன் அதனைப் பள்ளிக்கு எடுத்துவந்து, "ஐயா, இது துப்பாக்கிமேல் வைக்கும் தொலைநோக்கியாம். மேலே உள்ள குமிழ் எதற்கென்று விளங்குகிறது. தூரம் போகப் போகக் குண்டு தாழும், அதற்காக உயர்த்திக் குறிவைக்க வேண்டும். பக்கத்துக் குமிழ் எதற்கு? குண்டு பக்கவாட்டிலும் விழுமா?" என்று வினவினான்.

காற்றினால் விலகும் என்று விடை கூறினோம். எவ்வளவு விலகும் என்றான். அதற்கு நம்மிடம் விடையில்லை. இலக்கணத்தில் விகுதி ஒன்று தவறினாற் பொறாத நாம், மாணவன்முன் அவ்வாறு வாய்மூடி நின்றது நமக்கே வெட்கமாயிற்று. அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை. தேடப் புகுந்தவிடத்து, இக்கலையின் முதலாசிரியர் தம் இறுதி நாட்களை நம் தமிழ்க் கடற்கரையிலேயே கழித்தனர் என்பது தெரியவந்து வியப்படைந்தோம். ஆதலின் இது யானைக்கவுனியார்க்கும் அயற்செய்தி அன்று.

முதற்கண் அக்குழாய் வந்த வரலாற்றைச் சொல்லிவிடுவோம். அம்மாணவனுடைய பாட்டனாரின் தந்தையார், சுதந்திரத்துக்கு முன்னர் மவுண்ட் ரோட்டில் இருந்த துப்பாக்கிக் கடை ஒன்றிற் கணக்கெழுதியவர். வெள்ளைக்காரத் துரைமாரும் ஜமீன்தார்களும் நீலகிரிக்கு வேட்டைக்குச் சென்று மீண்டவுடன், தொலைநோக்கியைக் கொண்டுவந்து, "இது கோணல், இதனால் குறி தவறியது" என்று கடையிற் சினப்பதுண்டாம். கடைத் தொழிலாளி அதனைச் சோதித்துப் பார்த்தால் ஒரு கோணலும் இராதாம். இவ்வாறு ஒருவர் வெறுத்து விட்டுச்சென்றதே இக்குழாய் என்று வீட்டார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். குழாயிற் பிழையில்லை என்றால் பிழை எங்கே இருந்தது?

இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தாரின் குடியிற் பிறந்தவர். போரையே வெறுக்கும் அக்கூட்டத்திற் பிறந்தவர் பீரங்கிக் கலைக்கு ஆசிரியரானது ஒரு விந்தையே. கணிதத்தில் வல்லுநராகி, இருபது வயதளவில் இலண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். 1742இல் 'பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். அதற்கு முன்னர்க் கலிலியோ காட்டிய வளைகோட்டின் வழியே குண்டு செல்லும் என்று கணக்கிட்டு வந்தனர். காற்று குண்டைத் தடுக்கும் என்பதை நியூட்டன் முதலியோர் அறிந்திருந்தும், பளுவான இரும்பையும் ஈயத்தையும் மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்று பீரங்கிக்காரர் பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ராபின்ஸ் இதனை அளந்தே தீர்ப்பது என்று துணிந்தார். கனத்த மரப்பலகை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேற் குண்டைச் சுட்டார். குண்டு பாய்ந்தவுடன் பலகை எவ்வளவு பின்னே ஆடியது என்பதைக் கொண்டு, குண்டு வந்த வேகத்தைக் கணக்கிட்டார். பலகையை அண்மையில் வைத்துச் சுட்டு ஒரு வேகமும், சேய்மையில் வைத்துச் சுட்டு மற்றொரு வேகமும் கண்டார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இடைவழியிற் காற்றுக் கவர்ந்துகொண்ட பங்கல்லவா? நொடிக்கு 1,700 அடி வேகத்திற் புறப்படும் குண்டு, காற்றே இல்லாத வெளியாயின், 45 பாகை உயர்த்திச் சுட்டால் 17 மைல் செல்லவேண்டும். உண்மையில் அது அரை மைல்கூடச் செல்வதில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். மெல்லிய காற்று என்று இகழப்பட்டது எத்துணை வலிய பகை என்பது அன்றுதான் உலகுக்குத் தெளிவாயிற்று.

இன்னும் ஒரு புதிருக்கும் அவர் விடை கண்டார். அசையாமல் இறுகப் பொருத்திய ஒரே துப்பாக்கியிற் சுட்டாலும், குண்டுகள் ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சிதறின. காற்றே வீசாத நாளிலும் அப்படியே. உருண்டைக் குண்டு குழலின் உட்புறத்தில் உராய்ந்து, ஏதேனும் ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே வெளிப்படுகின்றது. அச்சுழற்சியே குண்டை ஒருபுறமாக வளைக்கின்றது என்றார் ராபின்ஸ். இதனை மெய்ப்பிக்கத் துப்பாக்கிக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்புறம் வளைத்தார். குண்டின் வழியில் மெல்லிய தாள்களைத் திரையாக நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறமாகத் திரைகளைத் துளைத்துச் சென்று, பின்னர்த் திரும்பி, சுவரில் வலப்புறமாகச் சென்று தைத்தது! பந்தாட்டத்திற் சுழலும் பந்து வளைவதைக் கண்டோர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆயினும் அக்காலத்துப் பெருங்கணிதர் ஆய்லரே, ராபின்ஸின் நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் விரிவுரையோடு வெளியிட்டவரே, இதனை ஒப்பவில்லை; குண்டின் உருவக் குறையே காரணம் என்றார். நூறாண்டு கழித்து மக்னஸ் என்னும் ஜெர்மானியர் 1852இல் மீண்டும் சோதித்துக் காட்ட, அவ்விளைவு மக்னஸ் பெயராலேயே வழங்கலாயிற்று. உழுதவன் ஒருவன், கதிரறுத்தவன் வேறொருவன்.

இச்சிதறலுக்கு மருந்தும் ராபின்ஸ் அறிந்திருந்தார். குழலின் உட்சுவரில் திருகுவரி வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். பக்கவாட்டு வளைவு பெரிதும் ஒழியும். இவ்வரித்துப்பாக்கியே ரைபிள். அது அவருக்கு முன்னரே ஐரோப்பாவில் வேட்டைக்காரர் கையில் இருந்ததுதான். அதன் தத்துவத்தை விளக்கியவர் இவர். 1747இல் ராயல் சொசைட்டியிற் படித்த கட்டுரையில், இதனை முதலில் முற்ற உணர்ந்து கைக்கொள்ளும் நாடு பிற நாடுகளை வெல்லும் என்று முன்னறிந்து கூறினார். குண்டின் சொந்தச் சுழற்சியால் வரும் பிழை இவ்வாறு தீர்ந்தது. புறத்தே வீசும் காற்றால் வரும் பிழை எஞ்சி நின்றது. அதனைத் தீர்ப்பதற்கு எந்த வரியும் உதவாது.

நிற்க. இத்தகையவர் நம் கரைக்கு வந்தது எங்ஙனம்? 1746இல் லபூர்தொனே என்பவன் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். உடன்படிக்கைப்படி அது 1749இல் ஆங்கிலேயர்க்கு மீண்டது. எளிதில் வீழ்ந்த கோட்டையை வலிதாக்க வேண்டி, கிழக்கிந்தியக் கும்பினியார் ராபின்ஸைத் தம் பொறியியல் தலைவராக அமர்த்தினர். அவர் 1750இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் வந்திறங்கினார். சென்னை மீண்டபின்னும் 1752 வரை கும்பினியின் கீழ்க்கரைத் தலைமையிடம் அதுவே. அவ்விடத்துக் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டங்கள் வகுத்தார். நம் வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள் அங்கேயே உயிர்துறந்தார், வயது 44. அவர் காக்கவந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி பிடித்து இடித்தான். அவ்வாண்டின் இறுதியில் அவனே சென்னையை முற்றுகையிட்டு, 1759 பெப்ருவரியில் தோற்று மீண்டான். ராபின்ஸுக்குப்பின் பிற பொறியியலார் மாற்றியும் வளர்த்தும் கட்டிய அரண் இம்முறை நின்றது.

கோட்டை நின்றதேயன்றி, அதற்கு வடபால் இருந்த கறுப்பர் பட்டணம் காப்பற்றுக் கிடந்தது. ஹைதர் அலியின் குதிரைப்படை 1767இல் நகரின் புறத்தே சூறையாடியது. 1769இல் அவனே சென்னையின் வாயில்வரை வந்து உடன்படிக்கை செய்துகொண்டு மீண்டான். அக்காலத்தை ஒட்டி எழுந்ததே பட்டணத்தைச் சூழ்ந்த மதில். அம்மதிலின் மேற்புறத்து வாயில்களுள் ஒன்றே நம் யானைக்கவுனி. மதிலுக்கென வரி விதிக்கக் கருதியதன் அடையாளமாக வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் நின்றுவிட்டது. மதில் போய்விட்டது, இராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்கா என்று வழங்கும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் நிற்கின்றது. குண்டின் வலிமையை அளந்தவரும் குண்டுக்கு அஞ்சி எழுந்த மதிலும் இவ்வாறு ஒரே நூற்றாண்டில் ஒரே கரையைச் சேர்ந்தனர்.

இனி மாணவனுடைய வினாவுக்கு வருவோம். பக்கக்காற்றுக் குண்டை எவ்வளவு தள்ளும்? எளிய கணக்கென்று நாமும் முதலில் ஏமாந்தோம். மணிக்கு 10 மைல் வேகமுள்ள காற்று நொடிக்கு ஏறத்தாழ 14⅔ அடி செல்லும். இந்நாளில் பெருவழக்கான .308 ரைபிளின் குண்டு 500 கஜம் செல்ல ஏறத்தாழ நொடியில் பத்தில் ஏழு பங்கு ஆகின்றது. ஆகவே காற்று அதனைப் பத்தடி தள்ளியிருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவாகவே தள்ளுகின்றது. ஏன்? குண்டு காற்றில் மிதக்கும் சருகன்று. காற்றே இல்லாத வெளியில் அக்குண்டு தன் முதல்வேகம் குறையாமற் சென்றிருந்தால் 500 கஜத்தை அடைய ஆகும் காலம் ஒன்று. காற்றின் தடையால் வேகங்குறைந்து உண்மையில் ஆகும் காலம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள சுணக்கம் எவ்வளவோ, அதனைக் காற்றின் வேகத்தாற் பெருக்க வருவதே விலக்கம். திதியோன் என்னும் பிரெஞ்சுக்காரர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கண்ட சூத்திரம் இது. இங்கே சுணக்கம் நொடியில் எட்டில் ஒரு பங்கு. 14⅔ அடியில் எட்டில் ஒரு பங்கு 22 அங்குலம். அச்சுணக்கத்துக்கு மூலம் யாது? ராபின்ஸ் ஊசற்பலகை கொண்டு அளந்த அதே தடைதான். தடையை அளந்தவர் விலக்கத்துக்கும் வித்திட்டார் என்க.

தூரம் இரட்டித்தால் விலக்கம் இரட்டிக்கும் என்று எண்ணுவதும் பிழை. அதே காற்றில் 100 கஜத்தில் ஓர் அங்குலமும் ஆகாத விலக்கம், 300 கஜத்தில் ஏழு அங்குலமாகி, 500இல் மேற்கூறியவாறு 22 ஆகின்றது. அண்மையிற் சுடுவோர்க்குக் காற்று இல்லாதது போலவே இருந்து, சேய்மையிற் சுடுவோரை ஒரே பாய்ச்சலில் வந்து பற்றும்.

பக்கத்துக் குமிழின் தொழில் இவ்விலக்கத்தை ஈடுசெய்வது. பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்று நம் சோதிட நூலார் கூறுவர். ஒரு கலைக் கோணம் 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் விரியும். 300 கஜத்தில் மூன்று அங்குலம். குமிழை ஒரு சொடுக்குத் திருப்பினாற் பெரும்பாலான தொலைநோக்கிகளிற் குறிக்கோடு கால் கலை நகரும். 300 கஜத்தில் ஏழு அங்குல விலக்கம் என்றால் இரண்டே கால் கலைக்குச் சற்று மிகும், ஒன்பது சொடுக்கு. எப்பக்கம் திருப்புவது என்று மயங்க வேண்டா. காற்று எங்கிருந்து வருகின்றதோ அப்பக்கமாகக் குண்டு தைக்கும்படி திருப்ப வேண்டும்; காற்று அதனை மீட்டுக் குறியிற் சேர்க்கும்.

காற்றின் திசையை மேனாட்டார் கடிகார முகத்தைக் கொண்டு குறிப்பர். நமக்கு அது வேண்டியதில்லை. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வைத்துள்ளனர். யானைக்கவுனியில் நின்று வடக்கு நோக்கிக் குறிவைப்பதாகக் கொள்வோம். முகத்துக்கு நேரே வரும் வாடையும் முதுகில் வரும் தென்றலும் குண்டைப் பக்கவாட்டில் விலக்கா. கொண்டல் முழு வலிமையோடு இடப்புறம் தள்ளும், கோடை வலப்புறம். வாடைக்கு முப்பது பாகை சாய்ந்து வரும் காற்றுக்குப் பாதி வலிமை. அறுபது பாகை சாய்ந்ததற்கு எட்டில் ஏழு பங்கு. நம் வடசென்னைக் கரையிற் கோடைக்காலத்தில் காலையிலே தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். உச்சி சாய்வதற்குள் கடற்காற்றுக் கிழக்கிலிருந்து புகும். காலையிற் குமிழை இடப்புறம் திருப்பி வைத்தவன், பிற்பகலில் அதனை மறந்து சுட்டால், காற்றின் பிழையும் குமிழின் பிழையும் கூடி இருமடங்கு தவறுவான். இவ்விரு காற்றும் மாறும் நேரத்தைக் காசிமேட்டுக் கட்டுமரக்காரர் எந்தக் கருவியும் இன்றி அறிவர். அவர்களை நாம் கல்லாதார் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

வேகத்தை அறிவதற்கு வேட்டைக்காரர் கண்ட குறிகள் உண்டு. முகத்தில் மெல்லப் பட்டால் மணிக்கு மூன்று முதல் ஐந்து மைல். இலைகள் ஓயாது அசைந்தால் ஐந்து முதல் எட்டு. புழுதி எழுந்தால் எட்டு முதல் பன்னிரண்டு. சிறு மரங்கள் ஆடினால் அதற்கும் மேல். இவை எல்லாவற்றினும் நுட்பமானது கானல். பேய்த்தேர் என்று நிகண்டு கூறும் அதுவே. தொலைநோக்கியின் பார்வையைக் குறிக்குச் சற்று இப்பால் நிறுத்திப் பார்த்தால், வெயிலிற் கானல் அலைவது தெரியும். நேரே மேலே கொதித்தெழுந்தால் அவ்வழியிற் பக்கக்காற்று இல்லை. சாய்ந்து ஓடினால் ஓடும் திசையே காற்றின் திசை. பெருங்காற்றில் அது தட்டையாகிவிடும். அப்பொழுது வேகத்தை அதுகொண்டு அளக்க இயலாது. துப்பாக்கிக்கு அண்மையில் வீசும் காற்று, குறிக்கு அண்மையில் வீசும் அதே காற்றினும் மிகுதியாக விலக்கும் என்பதையும் மறக்கலாகாது. தொடக்கத்தில் உண்டான சாய்வு வழி முழுதும் வளர்ந்துகொண்டே செல்லும்.

தொலைநோக்கியைத் துப்பாக்கிமேல் ஏற்றிய வரலாற்றை விரைந்து கூறுவோம். அமெரிக்காவில் 1840களில் இது தலையெடுத்தது. 1855 முதல் மால்கம் என்பவர் நல்ல கண்ணாடிகளோடு செய்து விற்றார். பம்பாய்ச் சேனையிற் பணிபுரிந்த டேவிட்சன் என்னும் அதிகாரி அமைத்த வகை, 1860களில் விட்வொர்த் ரைபிளின் இடப்பக்கத்திற் பொருத்தப்பட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்னாட்டார் கையில் வழங்கிற்று. அப்போரில், 1864 மே 9ஆம் நாள், செட்ஜ்விக் என்னும் வடநாட்டுத் தளபதி குண்டுக்கு ஒதுங்கிய தம் வீரரை நகையாடி, இத்தொலைவிலிருந்து அவர்களால் ஒரு யானையைக்கூட அடிக்க இயலாது என்றார். சிறிது நேரத்திற்குள் குண்டு அவர் முகத்தில் தைத்தது. (நம் கவுனியின் பெயரால் இச்செய்தி நம் நெஞ்சில் நின்றுவிட்டது.) பின்னர் 1907இல் வந்த ஆங்கிலச் சேனையின் .303 ரைபிளில், தொலைநோக்கி இல்லாத வெறுங்குறியிலும் காற்றுக்கெனப் பக்கம் நகரும் அமைப்பு ஒன்றிருந்தது. முதல் உலகப்போரின் நடுவில், விரைந்து செய்தல்வேண்டி, அதனை நீக்கிவிட்டனர்.

இனி நீலகிரிக்குச் செல்வோம். கடைக்கு வந்த துரைமார் குறிதவறிய இடம் அதுவன்றோ? சங்க நூல்கள் வருடை என்று குறிக்கும் வரையாடு அம்மலைகளின் செங்குத்தான பாறைகளில் வாழ்வது. கூரிய கண்ணும் மூக்கும் உடையது. பழைய வேட்டைக்காரன் மணம் எட்டாதபடி காற்றை எதிர்த்தே நெருங்குவான். அவன் முகத்தில் வீசும் காற்றுக் குண்டைப் பக்கம் விலக்காது. அவனுக்குப் பக்கக்குமிழே தேவைப்படவில்லை என்பது நமக்குப் பின்னர்த்தான் தோன்றிற்று. தொலைநோக்கி கிடைத்தவன் நெருங்குவதை விட்டான். நானூறு கஜத்துக்கு அப்பால் மணத்தைப்பற்றிக் கவலையில்லை என்று, பள்ளத்தாக்கின் குறுக்கே நின்று சுடலானான். மூக்குக்குக் கொண்டுசெல்லாத காற்றுக் குண்டைக் கொண்டுசென்றது. மலைமுகட்டில் அவன் பக்கம் ஒரு காற்று, பள்ளத்தின்மேல் மற்றொன்று, வெயிலேறிய பாறையோரம் மேல்நோக்கி எழுவது இன்னொன்று. அன்றியும் 7,000 அடிக்கு மேல் காற்று நம் கரையினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. சென்னையிற் பழகிய கணக்கு அங்கே பொருந்தாது. கண்ணாடியோ ஆட்டை மட்டும் கைக்கெட்டும் அண்மையிற் காட்டிற்று; இடையிலிருந்த காற்றையெல்லாம் அவன் மறந்தான்.

ஏழு அங்குலம் விலகினால் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றிலோ தொடையிலோ படும். அவ்வாடு உடனே சாவதில்லை. மனிதன் இறங்க இயலாத பாறைவெடிப்பிற் சென்று விழுந்து, நாட்கணக்கில் கிடந்து மாயும். சுட்டவன் குறி தவறிற்று என்று எண்ணிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பி, சென்னைக்கு வந்து, கடைக்காரரிடம் குழாய் கோணல் என்பான். மலைகளில் விலங்கு அருகியதைக் கண்டு 1877இல் நீலகிரி வேட்டைக் கழகம் தோன்றியதும், 1879இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் வரையறுக்கும் தனிச்சட்டம் பிறந்ததும் உண்டு. முற்றாக வேட்டையை ஒழித்தது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே. இன்று வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. குறிபார்க்கும் கலை தாள்மேலும் தகட்டின்மேலும் சுடும் விளையாட்டாக நம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அங்கே காற்று ஏமாற்றினால் எண்ணிக்கை குறையும். எந்த உயிரும் பாறையிடுக்கிற் கிடப்பதில்லை.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொல்லி, 500 கஜத்துக் கணக்கைக் கரும்பலகையிற் போட்டுக் காட்டினோம். அவன் மறுநாள் வந்து, "பாட்டியிடம் சொன்னேன் ஐயா. 'அப்படியானால் குழாய் கோணல் இல்லையே! கடையில் என் மாமனார் பேச்சை யாரும் கேட்கவில்லை' என்றார்கள்" என்றான். அக்குழாயின் மேற்குமிழ் இன்றும் எளிதிற் சுழல்கின்றது. பக்கக்குமிழ் களிம்பேறி அசையாது நிற்கின்றது. அதனைச் சுற்றியுள்ள கோடுகளிற் குறிமுள் நடுக்கோட்டிலேயே இருக்கின்றது. கொண்டுசென்ற துரை மலைமேல் அதனை ஒருமுறையும் தொடவில்லை போலும். மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடைகளிலோ நீலகிரி வேட்டைமுகாம்களிலோ பணிசெய்த நம்மவர் எழுதிவைத்த குறிப்புகள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், சங்கத்துக்கு அனுப்பி உதவுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.